படகு டிரெய்லரில் கிரீஸ் கசிந்தால்…

கடன் பெற்றுப் படகு வாங்குவோர் அதன் எஞ்சினையும் வலையையும் கண்ணும் கருத்துமாகப் பேணுகின்றனர். படகைச் சாலையிலிருந்து நீருக்கும் நீரிலிருந்து சாலைக்கும் சுமந்து செல்லும் டிரெய்லரோ பெரும்பாலும் கவனிப்பாரின்றி நிற்கிறது. சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் வழிந்திருந்தால், அதைத் துடைத்துவிட்டு மேலும் சிறிது கிரீஸ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். ஆனால் கிரீஸ் வெளியேறும் வழி, தண்ணீர் உள்ளே நுழையும் வழியும் ஆகும். எனவே கசிவைச் சிறு குறையாகக் கருதாமல், முன்னெச்சரிக்கையாகக் கொள்வதே அறிவுடைமை.

கசிவின் காரணங்கள்

சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் உள்ளே, பொதுவாக இரண்டு டேப்பர் பேரிங்குகள் இருக்கும். ஹப்பின் பின்புறத்தில், அச்சு முனையைச் சுற்றி இறுகப் பற்றியிருக்கும் ரப்பர் வளையமே கிரீஸ் சீல். கிரீஸை உள்ளேயும் நீரையும் மணலையும் வெளியேயும் நிறுத்துவது இதன் மெல்லிய உதடுதான்.

நெடுந்தொலைவு ஓடிய ஹப் சூடேறுகிறது. அந்தச் சூட்டுடனேயே டிரெய்லரை நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்குகிறது. 60 டிகிரி செல்சியஸிலிருந்து 25 டிகிரிக்குக் குளிரும் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, தேய்ந்த சீலின் இடுக்கு வழியே நீர் உறிஞ்சப்படுகிறது. நீர் கலந்த கிரீஸ் பால்போல் வெளுத்து, உராய்வைத் தடுக்கும் ஆற்றலை இழக்கிறது. உப்புநீராயின் பேரிங் விரைவில் துருப்பிடிக்கும். முடிவில் பேரிங் இறுகி உடைந்து, ஓடும் சாலையில் சக்கரமே கழன்று போகக்கூடும்.

வேறு காரணங்களும் உண்டு. அச்சில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கலாம். பேரிங் தளர்ந்து ஹப் ஆடலாம். சீல் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். அளவுக்கு மீறி அழுத்தத்துடன் ஏற்றிய கிரீஸ் சீலையே வெளியே தள்ளியிருக்கலாம். பழைய சீல் ஏன் கெட்டது என்று அறியாமல் புதியதை மாட்டினால், அதுவும் சில நாட்களிலேயே கசியத் தொடங்கும்.

பிரித்துப் பார்த்தல்

முதலில் படகை இறக்கிவிட்டு, டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சக்கர நட்டுகளைச் சற்றே தளர்த்திய பின்னரே ஜாக்கியால் உயர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், அச்சின் கீழ் உறுதியான தாங்கி வைப்பது கட்டாயம்.

சக்கரத்தைக் கழற்றிய பின் மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர், வெளிப்பேரிங் என்ற வரிசையில் நீக்கினால் ஹப் கையோடு வந்துவிடும். பழைய சீலை நெம்பி எடுத்து, பேரிங்குகளை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். உருளைகளிலோ அவை ஓடும் கப்பிலோ சொரசொரப்பு, துருப்புள்ளி, சூட்டினால் நீலம் பாரித்த நிறம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், பேரிங்கையும் கப்பையும் சேர்த்தே மாற்றுவது முறை.

அடுத்து, அச்சில் சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். மேலோட்டமான துருவை மென்மையான உப்புத்தாளால், அச்சைச் சுற்றியவாறு தேய்த்து நீக்கலாம். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், அதன்மேல் மெல்லிய துருப்பிடிக்கா எஃகு ஸ்லீவ் ஏற்ற வேண்டும். பிரேக் உள்ள டிரெய்லராயின் லைனிங்கையும் பார்க்க வேண்டும். கிரீஸ் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்துவது பாதுகாப்பன்று, மாற்றிவிட வேண்டும்.

புதிய சீல் பொருத்துதல்

பழைய சீலின் மேல் பொறித்துள்ள எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது நல்லது. 45-62-8 என்றிருந்தால், அவை முறையே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவற்றின் மில்லிமீட்டர் அளவுகள். கிரீஸும் நீரைத் தாங்கும் வகையாக இருத்தல் வேண்டும். வெவ்வேறு வகைக் கிரீஸைக் கலந்தால் சில வேளைகளில் அது இளகி ஒழுகிவிடும். ஆதலால் பழையதை முற்றிலும் நீக்கியபின் புதியதை இடுக.

பேரிங்கின் உருளைகளுக்கிடையே கிரீஸ் புகும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்ப வேண்டும். உட்பேரிங்கை ஹப்பில் வைத்த பின், சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஹப்பின் உட்புறம் நோக்கும்படி வைத்து, தட்டையான மரக்கட்டையை மேலே வைத்துச் சீராகத் தட்டி இறக்க வேண்டும். சீலின் உதட்டில் சிறிது கிரீஸ் தடவினால், முதல் ஓட்டத்தில் அது காய்ந்து கருகாது.

ஹப்பைச் சுழற்றியவாறே நட்டை இறுக்கி, பின் தளர்த்தி, விரலால் இறுகும் அளவில் நிறுத்துக. ஹப் தடையின்றிச் சுழல வேண்டும். கையில் உணரும்படி ஆடவும் கூடாது. ஸ்பிளிட் பின்னைப் புதிதாகவே இடுக. 10 கிலோமீட்டர் ஓட்டியபின், இரு ஹப்புகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று பார்க்கலாம். ஒன்றுமட்டும் மிகுந்து சுட்டால், மீண்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போதே சக்கர நட்டுகளையும் மறுமுறை இறுக்கிவிடுக.

பழக்கமே பாதுகாப்பு

நீரில் இறக்கும் முன் ஹப் குளிரும்வரை காத்திருப்பது செலவே இல்லாத பாதுகாப்பு. கடலிலிருந்து ஏற்றியவுடன் ஹப்பையும் சக்கரத்தையும் நன்னீரால் கழுவ வேண்டும். கிரீஸ் ஏற்றும்போது கைப்பம்பால் மெதுவாக, சக்கரத்தைச் சுழற்றியபடி ஏற்ற வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை ஹப்பைப் பிரித்துப் பார்ப்பதற்கு மீன்பிடித் தடைக்காலம் ஏற்றது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் 61 நாட்கள் தொழில் நிற்கிறது. அந்நாட்களில் செய்யும் பணியால் வருவாய் குறைவதில்லை. பருவத்தின் நடுவே டிரெய்லர் முடங்கினாலோ, படகு கரையிலேயே நிற்கும். கடன் தவணை மட்டும் நிற்காது.

தேய்மானத்தாலும் இயந்திரப் பழுதாலும் நேரும் இழப்பை வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே இந்தச் சிறு வளையத்துக்கு ஒதுக்கும் ஒரு நாளும் சிறு தொகையும், கடன் வாங்கிச் சேர்த்த சொத்துக்கு உரிமையாளரே செய்துகொள்ளும் காப்பீடு எனலாம்.