தாத்தா பட்டாளத்தில் இருந்தாரா? 10 ரூபாய் செலவில் தேடிப் பார்க்கலாம்!

சென்னை:

"எங்க தாத்தா மிலிட்டரியில இருந்தாரு. பர்மா வரைக்கும் போய் சண்டை போட்டாரு."

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இப்படி பெருமையாக சொல்லும் குடும்பங்கள் நிறைய உண்டு. ஆனால் எந்த ரெஜிமெண்ட், என்ன நம்பர், எந்த வருஷம் சேர்ந்தார் என்று கேட்டால் பதில் வராது. "அந்த பேப்பர் எல்லாம் எப்பவோ போயிடுச்சு" என்பார்கள்.

எல்லாம் போய்விடவில்லை. தேடினால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

இது வெறும் பெருமைக்கான விஷயமும் அல்ல. 2-ம் உலகப்போரில் பணியாற்றி, பென்ஷன் இல்லாமல் வீடு திரும்பிய வீரர்களுக்கும் அவர்களது விதவைகளுக்கும் தமிழக அரசு மாதந்தோறும் நிதியுதவி வழங்குகிறது. தாத்தா காலமாகி இருக்கலாம். ஆனால் 90 வயதை நெருங்கும் பாட்டி இன்னும் வீட்டில் இருக்கலாம். அவர் அந்த உதவியை கேட்க வேண்டும் என்றால், தாத்தா பட்டாளத்தில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும்.

அதை தேடும் வழி வருமாறு:-

பைல் எங்கே போனது?

1939 முதல் 1945 வரை நடந்த 2-ம் உலகப்போரில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். சண்டை முடிந்ததும், போருக்காக சேர்த்தவர்களில் பெரும்பாலானோரை வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். பென்ஷன் கிடையாது.

இங்கேதான் சிக்கல். ராணுவ விதிப்படி பென்ஷன் வாங்காத வீரரின் பைலை 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள். அதன் பிறகு அழித்து விடுவார்கள். 1946-ல் டிஸ்சார்ஜ் ஆனவரின் பைலுக்கு 1971-லேயே கெடு முடிந்திருக்கும்.

ஆனால் "லாங் ரோல்" என்று ஒரு பதிவேடு உண்டு. அதை அழிக்க மாட்டார்கள். வீரரின் நம்பர், பெயர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி போன்ற முக்கிய விவரங்கள் அதில் இருக்கும். எனவே, "பைல் அழிக்கப்பட்டு விட்டது" என்று பதில் வந்தால் சோர்ந்து போகாதீர்கள். "லாங் ரோலில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள்.

பரண் மேல் பாருங்கள்

லாங் ரோலில் தேடுவதற்கு முக்கியமான சாவி, தாத்தாவின் ராணுவ நம்பர். முத்துசாமி, கோவிந்தசாமி என்ற பெயரில் பல நூறு பேர் இருப்பார்கள். நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான்.

பரண் மேல் கிடக்கும் டிரங்கு பெட்டியை இறக்கிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பழைய கடிதம், மணியார்டர் ரசீது எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். யூனிபார்மில் எடுத்த போட்டோ இருந்தால் தொப்பியில் உள்ள பேட்ஜை கவனியுங்கள். எந்த ரெஜிமெண்ட் என்பதை அதை வைத்தே சொல்லி விடலாம்.

மெடல் இருக்கிறதா? முதல் உலகப்போர் மெடல் என்றால் விளிம்பை திருப்பிப் பாருங்கள். வீரரின் நம்பர், பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். 2-ம் உலகப்போரில் நட்சத்திர வடிவ மெடல் கொடுத்தார்கள். அதில் "பர்மா ஸ்டார்" என்று இருந்தால், தாத்தா பர்மா போர்முனையில் பணியாற்றியவர் என்று அர்த்தம்.

அவசரத்துக்கு பணம் வேண்டும் என்று வெள்ளி மெடலை நகைக்கடையில் எடைக்கு போட்டு விடாதீர்கள். உருக்கி விட்டால் அதில் உள்ள நம்பரும் போய் விடும்.

எந்த ஊருக்கு எழுதுவது?

ராணுவத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ரெக்கார்டு ஆபீஸ் உண்டு.

* மெட்ராஸ் ரெஜிமெண்ட் - நீலகிரி மாவட்டம் வெலிங்டன்
* மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர் - பெங்களூர்
* சிக்னல் - ஜபல்பூர்
* மெடிக்கல் - லக்னோ
* ஆர்ட்னன்ஸ், இ.எம்.இ. - செகந்திராபாத்
* பீரங்கிப்படை - நாசிக் ரோடு

தமிழர் என்றாலே மெட்ராஸ் ரெஜிமெண்ட்தான் என்று நினைக்க வேண்டாம். டிரைவர், மெக்கானிக், கம்பவுண்டர், பாலம் கட்டும் வேலை என்று பல பிரிவுகளில் நம்மவர்கள் இருந்தார்கள். தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதை வைத்தே பிரிவை ஊகிக்கலாம்.

10 ரூபாய் மனு

தகவல் அறியும் உரிமை சட்டப்படி ரெக்கார்டு ஆபீசுக்கு மனு போடலாம். தபால் ஆபீசில் 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் வாங்கி இணைத்தால் போதும். தபால் செலவு தனி. வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்கள் அத்தாட்சி இணைத்தால் அந்த 10 ரூபாயும் வேண்டாம்.

மனுவை தமிழிலேயே எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தாத்தாவின் பெயரையும் நம்பரையும் ஆங்கிலத்திலும் எழுதுவது நல்லது. தாத்தாவின் அப்பா பெயர், சொந்த ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவற்றை மறக்காதீர்கள். இன்று நீங்கள் தி.நகரில் குடியிருக்கலாம். ஆனால் தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தபோது வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று அன்றைய மாவட்டத்தின் பெயர்தான் பதிவாகி இருக்கும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், பதில் சரியில்லை என்றாலும் அப்பீல் செய்யலாம். பதில் கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு போங்கள். மாவட்ட அளவில் இந்த அலுவலகம் இருக்கிறது.

போரில் இறந்தவர்கள்

தாத்தா போர்க்களத்தில் இருந்து திரும்பி வரவே இல்லையா? அப்படியானால் காமன்வெல்த் போர் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கட்டணம் கிடையாது. இரண்டு உலகப்போர்களில் இறந்தவர்களின் பெயர்கள் மட்டுமே இதில் இருக்கும். ஒற்றைப் பெயர் என்றால் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்களையும் மாற்றி மாற்றி போட வேண்டும். அன்றைய கிளார்க் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்.

இந்த ஆணையம் பராமரிக்கும் போர் கல்லறை நம்ம சென்னையிலேயே நந்தம்பாக்கத்தில் இருக்கிறது. 2-ம் உலகப்போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கு அடக்கம் செய்யப்பட்டு உள்ளனர். முதல் உலகப்போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நினைவாகவும் அங்கே ஒரு சின்னம் உண்டு.

பட்டியலில் பெயர் இல்லை என்பதால் தாத்தா போருக்கே போகவில்லை என்று ஆகிவிடாது. முதல் உலகப்போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்களில் ஏராளமானோரின் பெயர்கள் விடுபட்டதை 2021-ம் ஆண்டு இந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்பு கேட்டது குறிப்பிடத்தக்கது.

நேதாஜி படையா?

மலேயா, சிங்கப்பூர், பர்மாவில் இருந்த தமிழர்கள் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்களை பற்றி ரெக்கார்டு ஆபீசில் விவரம் கிடைக்காமல் போகலாம். அந்த படை தொடர்பான 990 பைல்களை ராணுவ அமைச்சகம் 1997-ல் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு கொடுத்து விட்டது. எனவே அங்கேதான் கேட்க வேண்டும்.

இதில் எந்த வழியில் போனாலும் முதலில் பாட்டியிடம் உட்கார்ந்து பேசுங்கள். தாத்தா இருந்த ஊர், கூட இருந்தவர் பெயர், லீவில் வந்த வருஷம் என்று அவர் சொல்வதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லாங் ரோல் இன்னும் பல வருஷம் இருக்கும். பாட்டிக்கு வயதாகிறது.