பாம்புக்கடி ஆய்வுக்கு நிதி

நமது நாட்டில் ஆண்டொன்றில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு இலக்காவதாகவும் 400க்கு மேற்பட்டோர் உயிரிழப்பதாகவும், 2012-2013 காலப்பகுதியில் வீடுவீடாக நடத்தப்பட்ட தேசிய ஆய்வு மதிப்பிட்டது. வயலில் இறங்குவோரே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

சிகிச்சைக்கு நாம் நெடுங்காலமாக நம்பியிருப்பதோ இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு தயாரிக்கப்படும் மருந்தை. சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் சிறு விரியனே இங்கு பலரைத் தீண்டுகிறது. அதன் விஷத்துக்கு அம்மருந்தில் முறிவில்லை. மருந்து ஏற்றப்பட்டோரில் கணிசமானோருக்கு ஒவ்வாமையும் உண்டாகிறது.

ஏழை விவசாயியின் நோயில் மருந்துக் கம்பனிகளுக்கு இலாபமில்லை. ஆபிரிக்காவுக்கான விஷமுறிவு மருந்தின் உற்பத்தியைப் பிரான்சின் சனோஃபி 2014இல் நிறுத்தியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்த பின்னரே நிலைமை சற்று மாறிற்று. 2019இல் பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளை ஏழாண்டுகளுக்கு 8 கோடி பவுண் ஒதுக்குவதாக அறிவித்தது.

ஆனால் கூட்டு முயற்சி அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. பேராதனை ஆய்வாளரும் கொஸ்டாரிகாவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனமும் இணைந்து, இலங்கைப் பாம்புகளின் விஷத்திலிருந்து, குணகட்டுவாவையும் உள்ளடக்கிய மருந்தொன்றை உருவாக்கினர். அதன் ஆய்வுகூடப் பரிசோதனை முடிவுகள் 2016இல் வெளியாகின. ஆய்வுகூடத்திலிருந்து மருத்துவமனைக்கான தூரமே செலவு மிக்கது. நோயாளரிடம் பரிசோதிக்கவும் உற்பத்திச்சாலை அமைக்கவும் வெளிநாட்டு நன்கொடையை மாத்திரம் எதிர்பார்த்திருப்பது முறையன்று. அரசு தன் பங்கை முதலில் வைக்குமாயின், வெளியாரிடம் நாம் கேட்பதற்கும் முகமிருக்கும்.