கொல்லையில் மிஞ்சிய காய்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் மார்க்கத்தில், திருவள்ளூருக்கு அப்பால் உள்ள கடம்பத்தூரில், தொழிற்சாலைக்கும் பட்டணத்து உத்தியோகத்துக்கும் போய் வருகிறவர்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும், கொல்லையில் நாலு கத்தரிச் செடியும் பந்தலில் ஓர் அவரைக் கொடியும் வைத்திருக்கும் வீடுகளுக்குத் தை, மாசி மாதங்களில் ஒரு சங்கடம் வந்து சேருகிறது. மழைக்காலத்தில் வேரூன்றிய செடிகள் ஒரே மூச்சில் காய்த்துத் தள்ளுகின்றன; அந்தக் காய் கோயம்பேடு சந்தைக்கு அனுப்பும் அளவுக்கு அதிகமுமில்லை, வீட்டார் தின்று தீர்க்கும் அளவுக்குக் குறைவுமில்லை.

உடனே ஃபிரிட்ஜைத் திறப்பது இன்றைய வழக்கம். ஆனால் கத்தரியும் வெண்டையும் உஷ்ணப் பிரதேசத்துப் பயிர்கள். பத்து டிகிரிக்குக் கீழே சில நாள் வைத்தால் கத்தரியின் தோலில் குழி விழும், உள்ளே விதை கறுக்கும். ஆகவே அந்தப் பெட்டி நமக்குச் செய்யும் உபகாரம் அற்பமே.

மாசி, பங்குனி வெயிலை நம்பிய நம் பாட்டிமார்களின் உபாயமே சிலாக்கியமானது என்பது என் அபிப்பிராயம். கொத்தவரங்காயை உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து வடித்துத்தான் வெயிலில் இடுவார்கள். அந்தக் கொதி, காயை நாளடைவில் நிறமும் ருசியும் கெடச் செய்யும் நொதிகளை அடக்கிவிடுகிறது. சுண்டைக்காய்க்கு வேறு சம்பிரதாயம். அம்மியில் லேசாக நசுக்கி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறப்போட்டு, காலையில் பிழிந்தெடுத்துப் பாயில் பரப்பி, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் முழுவதையும் காய் குடித்துத் தீரும்வரை இப்படியே செய்துவருவார்கள். பிறகு கலகலவென்று சத்தம் கேட்கும்வரை காயவைத்து எடுத்தால், உப்பு, புளிப்பு, வறட்சி ஆகிய மூன்று காவல்களையும் தாண்டிக் கிருமி உள்ளே புகுவது அரிது.

வெயிலுக்குப் பதிலாகப் பாட்டிலை நம்பும் வழியும் ஒன்று உண்டு. 1810-ஆம் வருஷம் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர், பாட்டிலில் அடைத்துக் காய்ச்சிப் பதார்த்தங்களைக் காக்கும் முறையை நூலாக வெளியிட்டு, அரசாங்கத்திடம் 12,000 பிராங்கு சன்மானம் பெற்றார். பழங்களுக்கு அது சரிதான். ஆனால் புளிப்பில்லாத பீன்ஸையும் அவரையையும் வீட்டில் அவ்வாறு அடைப்பது ஆபத்து. பொட்டுலிசம் என்னும் விஷநோயை உண்டாக்கும் கிருமியின் வித்து, கொதிநீரின் 100 டிகிரியில் சாவதில்லை. ஆவியை அழுத்தி 121 டிகிரி வரை ஏற்றினால்தான் சாகும்.

பச்சையாகவே சில நாள் வைக்க விரும்புவோருக்கு, டெல்லி பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் வகுத்த குளிர்ச் சேமிப்பறை உண்டு. இரட்டைச் செங்கல் சுவர், நடுவே ஆற்றுமணல், காலை மாலை தண்ணீர், மின்சாரம் வேண்டாம். வறண்ட கோடையில், ஈரம் ஆவியாகையில் உள்ளே வெப்பம் வெளியைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் தணியும். செங்கற்சூளைகள் உள்ள திருவள்ளூர் ஜில்லாவில் இதைக் கட்டுவது பெரும் பிரயாசையன்று. ஆனால் காற்றே ஈரமாயிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இதனால் பிரயோஜனம் இல்லை. அப்போது கைகொடுப்பது ஜாடியில் உள்ள வற்றல்தான். அதையும் புரட்டாசியில் வெயில் கண்ட ஒரு நாளில் இன்னொரு தரம் காயவைத்து மூடினால்தான் அடைமழையில் பூஞ்சணம் பூக்காது.