சொந்தச் சதையிலிருந்து மறுசீரமைப்பு



புற்றுநோயால் மார்பகத்தை இழந்த சகோதரிகள் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: "வயிற்றுச் சதையை எடுத்து மார்பு வைப்பார்களாமே, ஐயா?"

உண்மைதான். 1906-ல் இத்தாலிய மருத்துவர் டான்சினி முதுகுத் தசையைக் கொண்டு மார்பின் காயத்தை மூடும் முறையை விளக்கினார். இன்று பெரும்பாலும் அடிவயிற்றின் தோலும் கொழுப்பும் உதவுகின்றன. நுண்ணோக்கியின் கீழ் இரத்தக் குழாய்களை இணைப்பதால் அறுவைச் சிகிச்சை பல மணி நேரம் நீடிக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் செவிலியர் இரவும் பகலும் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டால் உடனே மறுபடியும் அறுவை தேவைப்படும்.

ஆறவேண்டிய காயம் மார்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. பழைய உணர்ச்சி முழுவதும் திரும்பாது, பாலும் சுரக்காது. ஆனாலும் அது சொந்த உடலின் சூடும் மென்மையும் உடையது. வேண்டாமென்று இருப்பதும் குறைவல்ல.

ஏறக்குறைய ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது. குடம் சுமந்து பழகிய மூலக்கொத்தளத்துத் தாய்மாருக்கு இதுவே கடினம். ஆகவே, நாள் குறிக்குமுன் கணவரிடம் ஒன்று கேட்கிறோம்: "அதுவரை வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கப்போவது யார்?"