விளக்கு எரிந்த பிறகு என்ன?

சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளோடு பழகுகிறவர்கள் அதற்கென்றே பிறந்த சாஃப்ட்வேரை விட்டுப் பொது உபயோக எடிட்டருக்கு மாறுகிறார்கள். வசதி கூடுகிறது. கடிவாளம் யார் கையில் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

முதல் நாள் பாடம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒரு யுஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டருடன் இணைகிறது. திரையில் பத்துப் பன்னிரண்டு வரிப் புரோகிராம். ஒரு பட்டனை அழுத்தினால் சில விநாடிகளில் போர்டின் ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒரு விநாடி எரிந்து, ஒரு விநாடி அணைகிறது. எழுதியவருக்கு எட்டு வயதோ எண்பது வயதோ, முகத்தில் மலரும் சிரிப்பு ஒன்றுதான்.

இந்தியாவில் இந்தச் சிரிப்பு இனி பெருகப்போகிறது. 2016-ல் தொடங்கிய அடல் புதுமை இயக்கத்தின் கீழ் 10,000 பள்ளிகளில் 'டிங்கரிங் லேப்'கள் அமைந்தன. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. சிக்கல் தொடங்குவது முதல் நாளில் அல்ல, இரண்டாம் வருடத்தில்.

ஒரு லேபில் மண்ணின் ஈரத்தை அளந்து பம்ப்பை ஓடவிடும் கருவியைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி கண்காட்சிக்குப் போகிறது, பரிசு வாங்குகிறது, அலமாரிக்கு வருகிறது. மாணவர்கள் பள்ளியை விட்டுப் போகிறார்கள். அடுத்த செட் அதே புரோகிராமைத் திறந்து பட்டனை அழுத்தினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள். புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது அது நம்பியிருந்த 'லைப்ரரி', அதாவது பிறர் எழுதிவைத்த துணைப் புரோகிராம்.

இது கற்பனைப் பயம் அல்ல. தகவல்களைப் பொட்டலம் கட்டி அனுப்பப் பெரிதும் பயன்படும் 'ஆர்டுயினோஜேசன்' லைப்ரரியின் 5-ம் பதிப்புக்கு எழுதிய புரோகிராம்கள் 6-ம் பதிப்பில் அப்படியே ஓடாது. ஆர்டுயினோ சாஃப்ட்வேரோ வழக்கமாக எல்லா லைப்ரரிகளையும் ஒரே ஃபோல்டரில் வைக்கிறது. ஒரு வேலைக்காகப் புதுப்பித்தால் பழைய வேலைகள் அத்தனைக்கும் அதே புதுசு. எந்தப் புரோகிராம் எந்தப் பதிப்பை நம்பி எழுதப்பட்டது என்ற குறிப்பு, யாராவது தனியாக எழுதி வைத்தால்தான் உண்டு.

இவ்ரியாவின் குழந்தை

இந்தக் குறைக்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. டைப்ரைட்டருக்குப் பேர்போன ஒலிவெட்டி கம்பெனியின் ஊர், வட இத்தாலியின் இவ்ரியா. அங்கிருந்த டிசைன் கல்வி நிலையத்தில் 2003-ல் கொலம்பிய மாணவர் எர்னாண்டோ பர்ரகான் தன் முதுநிலை ஆய்வாக 'வயரிங்' என்ற போர்டையும் அதற்கான சாஃப்ட்வேரையும் உருவாக்கினார். அமெரிக்காவின் எம்ஐடியில் கேஸி ரியாஸும் பென் ஃப்ரையும் ஓவியர்களுக்காகத் தொடங்கிய 'ப்ராசஸிங்' அதற்கு முன்மாதிரி. 2005-ல் மாசிமோ பான்ஸியும் கூட்டாளிகளும் வயரிங்கைத் தழுவி விலை குறைந்த ஆர்டுயினோவைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கூடிய மதுக்கூடத்தின் பெயரே போர்டுக்கும் வந்தது.

வாடிக்கைக்காரர்கள் இன்ஜினீயர்கள் அல்ல, டிசைன் மாணவர்கள். எனவே சிரமமான சங்கதிகள் எல்லாம் திரைக்குப் பின்னால் போயின. முதல் நாளுக்கு அது வரம். ஆயிரம் வரிப் புரோகிராமுக்கு அதுவே தடை.

மேஜை வேறு, தச்சன் வேறு

இங்கேதான் பொது உபயோக எடிட்டர் நுழைகிறது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் அறிமுகப்படுத்திய 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' எந்த மொழிப் புரோகிராமையும் எழுதத் தோதான இலவச எடிட்டர். போர்டைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. அது வெறும் மேஜை. வேலை செய்கிற தச்சன், உக்ரைனைச் சேர்ந்த இவான் கிராவெட்ஸ் 2014-ல் தொடங்கிய 'பிளாட்ஃபார்ம்ஐஓ'. எடிட்டரில் ஒரு 'எக்ஸ்டென்ஷன்' ஆகச் செருகிக்கொள்ளும் இது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்டுகளை அறியும். எந்த போர்டுக்கு எந்த கம்பைலர் வேண்டுமோ, தானே கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். ஊனோவைப் பொறுத்தவரை ஆர்டுயினோ சாஃப்ட்வேரும் இதுவும் உள்ளே அழைப்பது ஒரே ஜிசிசி கம்பைலரைத்தான்.

வித்தியாசம் ஒரு சின்னஞ்சிறு ஃபைலில் இருக்கிறது. ஒவ்வொரு வேலையின் ஃபோல்டரிலும் ஒரு குறிப்பு: போர்டு எது, எந்த லைப்ரரி, எத்தனையாம் பதிப்பு. நாலைந்து வரிதான். அடுத்த வருட செட் அந்த ஃபோல்டரை எந்த கம்ப்யூட்டரில் திறந்தாலும் அதே பதிப்புகள் வந்து சேரும். அலமாரியில் தூங்கிய பம்ப் மறுபடி ஓடும்.

மாறுகிறவர்கள் முதல் வாரத்தில் மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். ஆர்டுயினோ சாஃப்ட்வேர் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளும் தலைப்பு வரியை இங்கே கையால் எழுத வேண்டும். ஒரு ஃபங்ஷனைப் பயன்படுத்தும் முன் அப்படி ஒன்று இருக்கிறது என்று அறிவிக்க வேண்டும். போர்டு அனுப்பும் எழுத்துகள் புரியாத கிறுக்கலாக வந்தால், வேகத்தை அந்தக் குறிப்பு ஃபைலில் சரிசெய்ய வேண்டும். போர்டு 1,15,200 வேகத்தில் பேசும்போது திரை 9,600-ல் கேட்டுக்கொண்டிருந்தால் கிறுக்கல்தான் மிஞ்சும். மூன்றும் பத்து நிமிடச் சிரமங்கள். ஆனால் சொல்லித்தர ஆளில்லாத லேபில் பத்து நிமிடம் ஒரு பருவமாக நீளலாம்.

ஆர்டுயினோவும் சும்மா இருக்கவில்லை. 2022-ல் வந்த அதன் 2.0 பதிப்பு பாதி எழுதும்போதே மீதியைச் சொல்லித்தருகிறது. அதன் எழுதும் பகுதி, விஎஸ் கோடின் உள்ளே இருக்கும் அதே 'மொனாக்கோ'.

மேஜைக்குச் சொந்தக்காரர்

அப்படியானால் மாறிவிட வேண்டியதுதானே? இரண்டு பழைய கதைகள் யோசிக்க வைக்கின்றன. பிளாட்ஃபார்ம்ஐஓ முன்பு 'ஆட்டம்' என்ற எடிட்டரிலும் குடியிருந்தது. ஆட்டம் கிட்ஹப்பின் பிள்ளை. 2018-ல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டம் மூடப்பட்டது. அதில் பழகியவர்கள் எல்லாம் மூட்டை கட்டினார்கள்.

இரண்டாவது, உரிமம். விஎஸ் கோடின் மூலப் புரோகிராம் எல்லோருக்கும் திறந்தது. ஆனால் அதில் சி++ எழுத உதவும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்டென்ஷனை அந்த கம்பெனியின் எடிட்டர்களில் மட்டுமே பயன்படுத்தலாம். 2025-ல், விஎஸ் கோடிலிருந்து கிளைத்த வேறு எடிட்டர்களில் அது இயங்க மறுத்தது. பிளாட்ஃபார்ம்ஐஓ எக்ஸ்டென்ஷன் சார்ந்திருப்பது அதைத்தான்.

தச்சனுக்கும் தகராறு உண்டு. மலிவான இஎஸ்பி32 போர்டுகளுக்கான ஆர்டுயினோ சாஃப்ட்வேர் 2024-ல் 3.0 பதிப்புக்கு மாறியபோது, பிளாட்ஃபார்ம்ஐஓவின் அதிகாரபூர்வ ஆதரவு 2-ம் பதிப்பிலேயே நின்றது. ஆர்வலர்கள் 'பயோஆர்டுயினோ' என்ற கிளையைத் தாங்களே தொடங்கி வேலையைத் தொடர்ந்தார்கள். ஆர்டுயினோவையே வாங்கப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது அமெரிக்காவின் குவால்காம்.

கம்பெனிகள் கை மாறும், எடிட்டர்கள் மூடும். இவற்றில் எதையும் பள்ளி லேபால் தடுக்க முடியாது. அதனால் முடிந்தது வேறு: புரோகிராமையும் அந்த நாலைந்து வரிக் குறிப்பையும் சாதாரண எழுத்து ஃபைல்களாகப் பத்திரப்படுத்துவது. அவற்றைப் படிக்க எந்த எடிட்டரும் போதும். பிளாட்ஃபார்ம்ஐஓவை எடிட்டரே இல்லாமல் கமாண்ட் வரியிலும் இயக்கலாம்.

முதல் நாளுக்கு ஆர்டுயினோவின் ஒற்றைப் பட்டன் இன்றும் போதும். ஆனால் இரண்டாவது சென்சாரை மாட்டும் அன்றே ஃபோல்டரில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும். அடுத்த வருடம் அலமாரியைத் திறக்கப்போகும் மாணவிக்கு, முன்பு படித்தவர்களின் போன் நம்பர் தெரிந்திருக்காது.