ஒலியை வைத்து ஒரு வேட்டை

நீர்மூழ்கிக் கப்பலை வீழ்த்தப் பெரிய போர்க்கப்பல்தான் வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இரண்டாம் உலகப் போரில், நம்ம வங்காள விரிகுடாவிலேயே அந்த வேலையை முடித்தவை சிறு காவல் கப்பல்கள்!

1944 பிப்ரவரி 11. கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குச் சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. விசாகப்பட்டினம் அருகே ஜப்பானிய நீர்மூழ்கி 'ரோ-110' டார்பிடோ வீசியதில் ஒரு சரக்குக் கப்பல் சேதமடைந்தது. காவலுக்கு வந்தவை மூன்று: ராயல் இந்தியக் கடற்படையின் 'ஜம்னா', ஆஸ்திரேலியாவின் 'லான்செஸ்டன்', 'இப்ஸ்விச்'. ஆஸ்திரேலியக் கப்பல்களின் நீளம் சுமார் 57 மீட்டர்தான்.

கண்ணுக்குத் தெரியாத எதிரியை எப்படிப் பிடிப்பது? எங்க பாகூர்ப் பக்கம் கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வருகிற நேரத்தை வைத்தே "தண்ணி இவ்வளவு கீழ இருக்கு" என்று அப்பா சொல்லிவிடுவார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அவர் செய்வதும் வகுப்பில் நான் படிப்பதும் ஒரே கணக்குதான். கப்பலில் இருந்த 'ஆஸ்டிக்' கருவி (இன்றைய சோனார்) நீருக்குள் ஒலியை அனுப்பும். கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். எதிரொலி 2 வினாடியில் திரும்பினால், போய்வந்த தூரம் 3000 மீட்டர். எதிரி இருப்பது 1500 மீட்டரில்!

சிக்கல் இனிமேல்தான். ஒலிக்கற்றை முன்னோக்கிச் செல்வதால், நீர்மூழ்கியின் மேலேயே கப்பல் வந்துவிட்டால் எதிரொலி நின்றுபோகும். அன்றைய ஆழ்நீர்க் குண்டு வினாடிக்குச் சுமார் 3 மீட்டர்தான் இறங்கும். 60 மீட்டர் ஆழம் போக 20 வினாடி. அதற்குள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நீர்மூழ்கி 80 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும்!

ஆகவே தனிக் கப்பல் போதாது. ஒன்று விலகி நின்று எதிரொலியைப் பிடித்துக்கொண்டே இருக்க, இன்னொன்று போய்த் தாக்க வேண்டும். அன்று மூன்றும் சேர்ந்து தாக்கின; 'ரோ-110' மூழ்கியது. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே!

வேட்டைக்குப் போனவரே இலக்காவதும் உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே நீர்மூழ்கியைத் தேடிச் சென்ற நம் 'குக்ரி' கப்பல், பாகிஸ்தானின் 'ஹேங்கோர்' தாக்கி மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 194 பேர் மாண்டனர்.

இன்றும் கரையோர ஆழம் குறைந்த கடலில் இந்த வேலைக்குச் சிறு கப்பல்களே கட்டப்படுகின்றன. கொச்சியில் கட்டி 2025 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த ஒரு கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'மாஹே'! நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்து மாஹேதான்.

தூரம் என்பது வேகம் பெருக்கல் நேரம். தேர்வில் தவறினால் நமக்கு மதிப்பெண் போகும். கடலில் தவறினால் உயிர் போகும். கணக்கைக் கருத்தாய்ப் படிப்போம், தோழர்களே!