மீல் மேக்கர் சாப்பிட்டா சுகர் குறையுமா?

வீட்டில் யாருக்காவது சுகர்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்துடும். "தினமும் சோயா சாப்பிடுங்க, மாத்திரையே வேண்டாம்!" மறுநாளே இன்னொண்ணு வரும். "சோயா சாப்பிட்டா ஆண்மை போயிடும், ஜாக்கிரதை!" ரெண்டுமே தப்பு. ஆனா, ரெண்டுக்கும் நடுவில் உங்களுக்குத் தேவையான விஷயம் ஒண்ணு இருக்கு.

இதை அப்பா, அம்மாவுக்கான கட்டுரைனு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வுப்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். அதுக்கு முந்தின கட்டமான ப்ரீ-டயாபடிஸில் இருப்பவர்கள் அதைவிட அதிகம், சுமார் 13.6 கோடி. ஹெச்.பி.ஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை இருந்தா நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்தான். ராத்திரி 11 மணிக்கு பிரியாணி ஆர்டர் பண்ற வயசுலயே பலர் அங்கே போய்ச் சேர்ந்துடுறாங்க.

சரி, சோயாவுக்கு வருவோம். நாம மீல் மேக்கர்னு சொல்ற உருண்டை எப்படி வருது தெரியுமா? சோயா பீன்ஸிலிருந்து எண்ணெயைப் பிரிச்சு எடுத்த பிறகு மிஞ்சுற மாவை, சூட்டிலும் அழுத்தத்திலும் மெஷினில் தள்ளி, பஞ்சு மாதிரி உப்ப வைக்கிறாங்க. அதனால் அதில் கொழுப்பு ரொம்பக் குறைவு, புரதம் பாதிக்குப் பாதி. காய்ஞ்ச உருண்டை 30 கிராம் எடுத்தா சுமார் 15 கிராம் புரதம். ரெண்டு முட்டையில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். மாவுச்சத்து, நார்ச்சத்து எல்லாம் சேர்த்தே 10 கிராம்தான். ஒரு கப் வெள்ளைச் சாதத்தில் மாவுச்சத்து மட்டுமே 45 கிராம் பக்கம் வரும், புரதமோ 4 கிராம்.

இந்தக் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கு. டைப் 2 சர்க்கரை நோயில் உடம்பு இன்சுலினுக்குச் சரியா கட்டுப்படாது. தட்டு நிறைய சாதம் உள்ளே போனா ரத்தத்தில் சர்க்கரை சர்ருனு ஏறி, இறங்க நேரமெடுக்கும். சாதத்தில் ஒரு பங்கை எடுத்துட்டு அந்த இடத்தில் சோயாவை வெச்சா, ஏற வேண்டிய சர்க்கரையே குறையுது. புரதமும் நார்ச்சத்தும் இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறதால, மிச்ச சாதமும் நிதானமா செரிக்கும். சீக்கிரம் பசிக்காது.

கவனிங்க, 'அந்த இடத்தில்'. வழக்கமான ரெண்டு கப் சாதத்தோட கூடுதலா மீல் மேக்கர் குழம்பு ஊத்திச் சாப்பிட்டா, சாப்பாடு ருசியா இருக்கும், அவ்ளோதான். நம்ம வீடுகளில் நடக்கிறதும் பெரும்பாலும் இதுதான்.

'சோயாவில் இருக்கும் ஐசோஃப்ளேவோன் சர்க்கரையைக் கரைக்கும்'னு சொல்றாங்களே? ஆய்வுகளில் பதில் ஒரே மாதிரி இல்லை. சிலதில் சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சிருக்கு, சிலதில் வித்தியாசமே இல்லை. எல்.டி.எல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் விஷயத்தில் பலன் கொஞ்சம் தெளிவு. தினமும் 25 கிராம் அளவு சோயா புரதம் எடுத்தவர்களுக்கு அது 3, 4 சதவிகிதம் குறைஞ்சிருக்கு. சின்ன எண்தான். ஆனா, சுகர் இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு ஆபத்தும் கூடவே வர்றதால, கிடைச்ச வரைக்கும் லாபம்.

அந்த 'ஆண்மை' பயத்துக்கும் ஒரு வரி. பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து 2010-லயும் 2021-லயும் அலசிப் பார்த்தாங்க. சோயா சாப்பிட்ட ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையலை. ஜிம் போறவங்க தைரியமா சாப்பிடலாம்.

எப்படிச் சாப்பிடுறோம்கிறதுதான் அடுத்த சிக்கல். மைதா, கார்ன்ஃபிளவர் தடவி எண்ணெயில் பொரிச்ச சோயா 65, சோயா மஞ்சூரியன் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. சர்க்கரை சேர்த்த சாக்லேட் சோயா பாலும் அப்படித்தான். லேபிளில் 'ஆடட் சுகர்' எவ்வளவுனு பார்த்து வாங்குங்க. சோயா சாஸில் புரதம் பேருக்குத்தான், உப்புதான் ஜாஸ்தி. ஒரு மேஜைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கே 2,000-க்குள்ள இருக்கணும்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வெந்நீரில் ஊற வெச்சுப் பிழிஞ்ச மீல் மேக்கரை, கொத்தவரங்காயோ பீன்ஸோ சேர்த்துப் பொரியல் மாதிரி வதக்கலாம். மிக்ஸியில் ஒரு சுத்து சுத்தினா கொத்துக்கறி மாதிரி ஆகிடும், தோசைக்கு நடுவில் வைக்கலாம். பட்ஜெட் இடம் கொடுத்தா டோஃபு. முழு சோயா பீன்ஸ் வாங்கினா ராத்திரி ஊற வெச்சு, குக்கரில் நல்லா வேக வைக்கணும். அரைவேக்காடா சாப்பிட்டா புரதம் சரியா செரிக்காது.

சிலருக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க, சாதத்தைத் திடீர்னு பாதியாக்கினா 'லோ சுகர்' ஆகி வேர்த்து, நடுங்கி, மயக்கம் வரைக்கும் போகலாம். டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை அளவைச் சரிபண்ணிட்டுத்தான் சாப்பாட்டை மாத்தணும். சிறுநீரில் புரதம் போகுது, கிரியாட்டினின் கூடியிருக்குனு ரிப்போர்ட் வந்தவங்க, எவ்வளவு புரதம் சாப்பிடலாம்னு கேட்டுக்காம ஆரம்பிக்கவே கூடாது. தைராய்டு மாத்திரை போடுறவங்க காலையில் மாத்திரையோட சோயா பால் குடிக்காதீங்க, மருந்து உடம்பில் சேர்றதைக் குறைச்சிடும். சில மணி நேர இடைவெளி விடுங்க.

உங்க வீட்டுத் தட்டுக்கு இது வேலை செய்யுதானு தெரிஞ்சுக்க குளுக்கோமீட்டர் போதும். ஒரு நாள் வழக்கமான சாப்பாடு, இன்னொரு நாள் அதே நேரத்தில் சாதத்தைப் பாதியாக்கி சோயா. ரெண்டு நாளும் சாப்பிட்ட பிறகு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்து எழுதி வைங்க. அந்த ரெண்டு மணி நேரத்தை முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து எண்ணணும், கை கழுவினதிலிருந்து இல்லை.